மச்சாள் கலியாணமும் சென்ரிமோர்கனும்

துப்பலை ஒரு குழாய்க்குள்ள துப்பிக் குடுத்தா பரம்பரை முழுக்க அச்சடிச்சு வரும் எண்டு நினைக்கிற ஆக்கள் இப்ப எங்கட பக்கத்தில கூடிட்டினம். வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் திருவிழாவுக்கு வரேக்க சொக்லேட், சம்பூ, கோடாலித் தைலத்தோட சேத்து இந்த டிஎன்ஏ கிட்டையும் சூட்கேசுக்க வச்சுக் கொண்டு வருதுகள். நான் இதுக்கு எதிரான ஆள் இல்லை, எங்கட வீட்டிலயே இது ஒரு பழைய முடிச்சை அவிழ்த்தது தான், ஆனா வெப்சைற் சொன்ன நம்பரை மட்டும் நம்பிக்கொண்டு நிண்டிருந்தா செத்துப்போன அப்பப்பாக்கு தேவையில்லாத ஒரு பேரைக் கட்டிவிட்டிருப்பம். அந்தக் கதையை எழுதச் சொல்லி மச்சாள் கனநாளாக் கேக்கிறா. எழுதிறன், ஆரெண்டு தெரியாத மாதிரி கொஞ்சம் மறைச்சு.

முதல்ல வாற அந்தக் கலர் படத்தை விடுங்கோ. "தென்னிந்தியா, இலங்கை" எண்டு பெரிசா ஒரு வீதம் போட்டு வரும், முல்லைத்தீவு முள்ளியவளையில பிறந்து வளந்த ஆளுக்கு இதைச் சொல்லுறதுக்கு டொலர் கட்டோணுமோ. மிச்சம் இருக்கிற ஒண்டு ரெண்டு வீதத்தைப் பாத்திட்டு பூட்டன் போர்த்துக்கேயனோ எண்டு யோசிக்கிறவையும் இருக்கினம். அது கொம்பனி தன்னட்ட இருக்கிற சாம்பிளுகளோட ஒப்பிட்டுப் பாத்துப் போடுற ஒரு மதிப்பீடு, அவங்கள் அப்டேற் பண்ணினா உங்கட வீதமும் மாறும். இன்னொரு ஆள் என்னட்ட, நாங்கள் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் பரம்பரையோ எண்டு இதில பாக்கலாமோ எண்டு கேட்டவர். எதோட ஒப்பிட்டுப் பாக்கிறது அண்ணை, அந்த மனிசன் எச்சில் குடுத்திட்டுப் போகேல்லையே எண்டு சொன்னனான். சிரிக்கேல்லை.

பிரயோசனமான சாமான் மச் லிஸ்ற், அதாவது உங்களோட டிஎன்ஏ பொருந்துற ஆக்களின்ர பட்டியல் தான். உங்களுக்கும் இன்னொரு ஆளுக்கும் எவ்வளவு டிஎன்ஏ பொதுவா இருக்கு எண்டு சென்ரிமோர்கன் எண்ட அலகில, டிஎன்ஏத் துண்டுகளை அளக்கிற கணக்கில சொல்லும். தாய் தகப்பனோட 3400க்கு மேல வரும், சொந்தச் சகோதரத்தோட 2600 பக்கம், ஒண்டவிட்ட சகோதரம் இல்லாட்டி சொந்த மச்சான் மச்சாள் எண்டா சராசரி 860 அளவில, அதுக்கு அடுத்த தலைமுறைப் பிள்ளையளுக்கு இடையில 230 அளவில. அதுக்கும் அங்கால போனா 70 எண்டு குறையும், மூண்டாம் தலைமுறைச் சொந்தத்தில பத்தில ஒராளுக்கு ஒண்டுமே பொருந்தாமலும் போகும், அதுக்காக அவர் சொந்தம் இல்லை எண்டு இல்லை. இதெல்லாம் சராசரி தான், ஒவ்வொண்டுக்கும் கீழ மேல எண்டு பெரிய இடைவெளி இருக்கு, அந்த இடைவெளிக்குள்ள தான் முழுப் பிரச்சினையும் கிடக்கு.

வெள்ளைக்காரருக்கு இன்னொரு வசதி, குடும்பப் பேர். தகப்பனிட்ட இருந்து மகனுக்கு மட்டும் போற வை குரோமோசோமும் குடும்பப் பேரும் ஒரே வழியால போறதால ரெண்டையும் பொருத்திப் பாத்து ஆளைப் பிடிச்சிடுவினம். எங்களுக்கு தகப்பன்ர பேர் ஒரு இனிசியலா வந்து ஒரு தலைமுறையோட முடிஞ்சிடும். கனடாவில பிறந்த பிள்ளைக்கு அப்பப்பான்ர பேர் கடைசிப் பேராக் கிடக்கும், அதே அப்பப்பான்ர இன்னொரு பேரப்பிள்ளை லண்டனில வேற பேரோட இருக்கும், லிஸ்ற்றில பேரைப் பாத்து ஒண்டும் கண்டுபிடிக்கேலாது. தாய்வழியா வாற மைற்றோகொன்றியா ரெஸ்ற்றைச் செய்தாலும் எம் எண்டு ஒரு பெரிய குழு வரும், அது தெற்காசியா முழுக்க கிடக்கு. அதோட பிரான்சில இந்த ரெஸ்ற்றை வீட்டில இருந்து வாங்கிச் செய்யிறது சட்டப்படி தடை, அதால எங்கட பாதிச் சொந்தம் லிஸ்ற்றிலயே வராது. இஞ்ச வன்னியில இருக்கிற ஆக்கள் சொல்லவே தேவையில்லை.

இனி எங்கட கதைக்கு வாறன்.

ரொறொன்ரோவில இருக்கிற என்ர மாமிக்கு, அப்பான்ர அக்கா, மகள், அதான் நான் சொன்ன மச்சாள், கழிவு விலையில ஒரு கிட் வாங்கிக் குடுத்திருக்கிறாள். கொஞ்சக் காலம் ஒருத்தரும் அதைத் திரும்பிப் பாக்கேல்லை. ஒருநாள் மச்சாள் இரவோட இரவா போன், லண்டனில ஒரு பிள்ளை அம்மாவோட 610 சென்ரிமோர்கன் பொருந்துது, ஆரெண்டே தெரியேல்லை எண்டு. வெப்சைற் போட்டிருந்த சாத்தியங்களில முதலாவது "அரைச் சகோதரத்தின்ர பிள்ளை". அதாவது மாமிக்கு வேற தாய் வயித்தில ஒரு அக்காவோ தங்கச்சியோ இருக்கு, அவவின்ர பிள்ளை தான் இவள். நேரா அப்பப்பாவைக் கை காட்டுது. மச்சாள் பதறிப்போனாள், மாமிக்கு ரெண்டு நாள் சொல்லவே இல்லை.

லண்டன் பிள்ளைக்கு எழுதிக் கேட்டா அவள் நல்ல பிள்ளை, உடன பதில். அவளின்ர தாய் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில பிறந்தவ, 77 கலவரத்தோட குடும்பமா அடிச்சுத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து தர்மபுரம் பக்கம் காடு வெட்டிக் குடியேறினவை. தாயின்ர தகப்பன் தோட்டத்து ஆள் இல்லை, கடையில நிண்ட ஒரு "யாழ்ப்பாணத்தார்" எண்டு மட்டும் தெரியும், அவ கைக்குழந்தையா இருக்கேக்கயே போயிட்டாராம் இல்லாட்டிச் செத்திட்டாராம், ரெண்டு விதமாவும் சொல்லுவினமாம். பதிவுக் கலியாணம் இல்லை. பிறப்புச் சான்றிதழில தகப்பன்ர பேர் வாற இடம் வெறுமை.

இந்த வெறுமை எவ்வளவு பெரிய விசயம் எண்டு எனக்கு அப்ப தான் உறைச்சது. எங்கட பிறப்புச் சான்றிதழில பேரன் (தாத்தா) எந்த வருசம் எங்க பிறந்தவர் எண்டு ஒரு கூடு இருக்கெல்லோ, நாங்கள் பள்ளிக்கூட அலுவலுக்கு எடுக்கேக்க அதை வாசிக்கிறதே இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் கேட்டது அதைத் தான், தகப்பன் ஆர், பேரன் எங்க பிறந்தவர் எண்டு. கலியாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு தகப்பனை விட்டிட்டு தாயைத் தான் பாக்கிறது, தாய் தோட்டத்து மனிசி, அவவுக்கே குடியுரிமை இல்லை. கலியாணம் பதிஞ்சு, இலங்கையில பிறந்த அந்த யாழ்ப்பாணத்தாரின்ர பேர் சான்றிதழில ஒழுங்கா விழுந்திருந்தா அந்தப் பிள்ளை பிறக்கேக்கயே இலங்கைப் பிரசை. அது நடக்காததால நாடில்லாத ஆளா வளந்து, 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில 5,25,000 பேர் இந்தியாவுக்கு 3,00,000 பேர் இலங்கைக்கு எண்டு பங்கு போட்ட கணக்குக்குள்ள அவவும் ஒரு தலையாப் போய் விழுந்தவ.

சரி, ஆர் அந்த யாழ்ப்பாணத்தார். மலைநாட்டுக்குப் போன ஆள் எண்டா எங்கட குடும்பத்தில ஒருத்தர் இருக்கிறார், அப்பப்பான்ர தம்பி. பூட்டனோட சண்டை பிடிச்சுக்கொண்டு அங்கால போய் ஒரு கடையில கணக்கு எழுதினவர், பிறகு தகவல் இல்லை எண்டது தான் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை. ஆனா அப்பப்பாவும் இளந்தாரியா இருக்கேக்க புகையிலை ஏத்திக்கொண்டு அங்க போய்வந்தவர். இது தெரிஞ்ச உடன மச்சாளின்ர பதட்டம் கூடிட்டுது, நியாயம் தான்.

கணக்கைப் பாருங்கோ. தம்பியின்ர பேத்தி எண்டா மாமிக்கும் அவளுக்கும் சராசரி 430 வரோணும். அப்பப்பான்ர பேத்தி எண்டா 870. வந்தது 610, ரெண்டுக்கும் நடுவில. ரெண்டு சொந்தத்துக்கும் இருக்கிற கீழ மேல இடைவெளிக்குள்ள இந்த 610 வசதியா உள்ளட்டுது. இந்த இடத்தில நிண்டு கொண்டு "டிஎன்ஏ நிரூபிச்சிட்டுது" எண்டு சொல்லுறவையை நான் நம்பமாட்டன்.

அவிழ்த்தது அப்பப்பான்ர கல்வெட்டு. எங்கட ஆக்களில ஒருத்தர் செத்தா அந்தியேட்டிக்கு ஒரு புத்தகம் அடிக்கிறது உங்களுக்குத் தெரியும், முன்னுக்குப் படம், தேவாரம், பிறகு ஆர் பெத்தது ஆரை முடிச்சது எத்தினை பிள்ளை எண்டு பாட்டா எழுதியிருக்கும். பேந்து ஒருத்தரும் வாசிக்காமல் சாமியறையில கிடக்கும். எங்கட வீட்டில இருந்தது எல்லாம் 2009இல போட்டுது, காணி உறுதி, அல்பம், பிறப்புப் பத்திரம், உரப் பையில கட்டிக் காவிக்கொண்டு போய் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில எங்கயோ விட்டது. ஆனா மாமி முந்தியே ஒரு கல்வெட்டை கனடாக்குக் கொண்டு போயிருக்கிறா. அதில வடிவா இருக்கு, அப்பப்பா தாய்மாமன்ர மகளைத் தான் முடிச்சவர் எண்டு. அதாவது அப்பாச்சி அவருக்குச் சொந்த மச்சாள்.

அப்ப என்ன நடக்குது? மாமிக்கு அந்தத் தம்பியோட தகப்பன் வழியால ஒரு சொந்தம், தாய் வழியால இன்னொரு சொந்தம், ஏனெண்டா அப்பாச்சி தம்பிக்கும் மச்சாள் தானே. தாய் வழியால வாறது ஏறத்தாழ 120. முதல் 430 ஓட கூட்டினா 550. அப்பப்பா தான் பேரன் எண்டா அதிலயும் இந்த 120 கூடும், கிட்டத்தட்ட 990 வரோணும். இப்ப 610 எந்தப் பக்கம் சாயுது எண்டு தெரியுதோ. வெப்சைற்றுக்கு மச்சாள் கலியாணம் தெரியாது, அது ஒரு வழியால மட்டும் தான் சொந்தம் எண்டு வச்சுக் கணக்குப் போடுது. எங்கட ஆக்களுக்கு அது காட்டுற முறையை எப்பவும் ஒரு படி தூரமாத் தான் யோசிக்கோணும்.

இதில இன்னும் ஆபத்தானது மாத்துக் கலியாணம். ஒரு வீட்டு அண்ணனும் தங்கச்சியும் இன்னொரு வீட்டுத் தங்கச்சியையும் அண்ணனையும் முடிச்சா ரெண்டு சோடியின்ர பிள்ளையளும் காற்பங்கு டிஎன்ஏ பொதுவா வச்சிருக்கும், அரைச் சகோதரத்துக்கும் அதே காற்பங்கு தான். தெரியாத பிள்ளை ஒண்டு இதைப் பாத்திட்டு தகப்பனிட்டப் போய்க் கேட்டா வீடு நாறிப்போகும். ரெண்டு பக்கக் குரோமோசோமும் ஒரே இடத்தில பொருந்துதோ எண்டு பாத்தா வித்தியாசம் தெரியும், ஒரு தகப்பன் மட்டும் பொதுவான அரைச் சகோதரத்துக்கு அப்பிடிப் பொருந்துற துண்டு வராது, மாத்துக் கலியாணப் பிள்ளையளுக்கு வரும். தாய் ரெண்டு பேரும் தங்களுக்குள்ள சொந்தமெண்டா அதுவும் குழம்பும் எண்டது வேற கதை.

ஒரு ஆளின்ர நம்பர் போதாது எண்டதால இஞ்ச இருக்கிற ரெண்டு பேரையும் செய்விச்சம். ஒண்டு சித்தப்பா. மற்றது சின்னாச்சி, அப்பப்பான்ர கடைசித் தங்கச்சி, எண்பதும் கடந்து இப்பவும் உரல் வச்சு வெத்திலை இடிக்கிறவ. ரெஸ்ற்றுக்கு முதல் அரை மணித்தியாலம் ஒண்டும் சாப்பிடக் குடிக்கக் கூடாது. சின்னாச்சியை அரை மணித்தியாலம் வெத்திலை இல்லாமல் இருத்தி வச்சது தான் இந்த முழு ஆராய்ச்சியிலயும் கஷ்ரமான வேலை. வயசு போன ஆக்களுக்கு எச்சில் சுரக்கிறதும் குறைவு, அதால குழாய் வேண்டாம், கன்னத்துக்க குச்சியால தேய்க்கிற கிட்டை வாங்குங்கோ. வாய் கழுவ வச்சுத் தேய்ச்சா குச்சி அப்பவும் சிவப்பு. ஆனா சாம்பிள் பழுதாகேல்லை.

வேற வேற கொம்பனியில செய்தா ஒண்டில இருக்கிறது மற்றதில தெரியாது. அதுக்கு டேற்றாவை டவுன்லோட் பண்ணி ஜெட்மச் (GEDmatch) எண்ட வெப்சைற்றில ஏத்தி எல்லாரையும் ஒரே இடத்தில ஒப்பிடலாம். 2018இல கலிபோர்னியாவில பழைய கொலைகாரன் ஒருத்தனைப் பொலிஸ் கண்டுபிடிச்சது இதில சொந்தக்காரரின்ர டிஎன்ஏயைப் பாத்துத் தான், அதால பொலிசுக்குக் காட்டவோ வேண்டாமோ எண்டு கேக்கும். சின்னாச்சிக்கு இதெல்லாம் விளங்கப்படுத்தித் தான் கேட்டனான், ஏனெண்டா அது அவவின்ர உடம்பு. "நான் ஆரையும் கொல்லேல்லை, குடு" எண்டா. எண்டாலும் நான் மறைச்சுத் தான் போட்டனான். 23அன்ட்மீ கொம்பனியிட்ட இருந்து 2023இல 69 லட்சம் பேரின்ர விபரம் களவு போனது, 2025 பங்குனியில கொம்பனி வங்குரோத்து எண்டு கோட்டுக்கும் போனது. உங்கட டேற்றாவில உங்கட தம்பியும் பிள்ளையும் பாதி பாதி இருக்கினம் எண்டதை யோசிச்சுச் செய்யுங்கோ.

முடிவு வந்தது. சின்னாச்சிக்கும் லண்டன் பிள்ளைக்கும் 890. சகோதரத்தின்ர பேத்தி எண்டா சராசரி 850, அப்ப சின்னாச்சின்ர சகோதரம் ஒண்டு தான் பேரன் எண்டது ஏறத்தாழ உறுதி. ஆனா எந்தச் சகோதரம் எண்டு இது சொல்லாது, ரெண்டு பேரும் அவவுக்கு அண்ணன் தானே. அதைச் சொன்னது சித்தப்பான்ர 470. அப்பப்பா தான் பேரன் எண்டா சித்தப்பாக்கும் 990 பக்கம் வரோணும், அரைச் சகோதரத்தின்ர பிள்ளைக்கு சாதாரணமாவே 490க்குக் கீழ வாறது மிக அரிது. மாமின்ர 610, சித்தப்பான்ர 470, ரெண்டின்ர நடு 540. தம்பி எண்டா எதிர்பாத்தது 550.

சின்னாச்சிக்குப் போய்ச் சொன்னனான். அழுவா எண்டு நினைச்சன். பாக்கை வெட்டிக்கொண்டே "எந்த ஆக்கள்?" எண்டு தான் முதல் கேள்வி, சாதியைக் கேக்கிறா. கோவம் வந்தது, ஆனா அந்த வயசில அவவைத் திருத்த நான் போகேல்லை. கொஞ்சம் பொறுத்து அவவா சொன்னா, அண்ணன் ஒருக்கா காயிதம் போட்டவன், ஒரு பொம்பிளையோட இருக்கிறன் பிள்ளை பிறந்திருக்கு கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டு, அப்பு அதை அடுப்புக்க போட்டவர் எண்டு. இவ்வளவையும் மனதுக்க வச்சுக்கொண்டு தான் கன்னத்தைக் காட்டினவ.

லண்டன் பிள்ளையின்ர தாய், தோட்டத்தில பிறந்த அந்த மாமி, இப்பவும் தர்மபுரத்தில தான் இருக்கிறா. எங்கட வீட்டில இருந்து பெரிய தூரம் இல்லை, பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில தான் அந்த இடம். அவையும் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வாறவை, செட்டிகுளம் முகாமில அவை ஆனந்தகுமாரசுவாமி வலயத்தில இருக்கேக்க நாங்கள் இராமநாதன் வலயத்தில இருந்தனாங்கள். நானும் லண்டன் மச்சாளும் போய்ப் பாத்தம். தேத்தண்ணி தந்து கதைச்சா, மூக்கு அச்சொட்டா சின்னாச்சி. ரெஸ்ற்றுக்கு மட்டும் மாட்டன் எண்டிட்டா, "எழுவது வருசமாத் தகப்பன் இல்லாமல் இருந்திட்டன், இனி என்னத்துக்கு" எண்டு. நாங்கள் கட்டாயப்படுத்தேல்லை, அவ தந்திருந்தா இன்னும் தெளிவா வந்திருக்கும், ஆனா அது அவவின்ர விருப்பம்.

எங்கட பக்கத்தில ஒரு மாமாவுக்கு உடன வந்த கவலை காணி. கேப்பினமோ எண்டு. முதலாவது, அவை ஒரு பிடி மண்ணும் கேக்கேல்லை. ரெண்டாவது, கலியாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு உறுதியோ மரண சாதனமோ (உயில்) எழுதாட்டி தகப்பன்ர முதுசொம்மில சட்டப்படி உரித்து இல்லை. மூண்டாவது, வீட்டில எடுக்கிற இந்த ரெஸ்ற்றை வச்சுக்கொண்டு கோட்டுக்குப் போகேலாது, குழாய்க்குள்ள இருந்தது ஆற்ற எச்சில் எண்டதுக்குச் சாட்சி இல்லை, அதுக்கு ஆளை உறுதிப்படுத்தி முறையா எடுக்கிற சாம்பிள் வேணும். மாமா நிம்மதியாப் படுத்திருப்பார். வட்ஸ்அப் குறூப்பில இதைப் போடவேண்டாம் எண்டும் சொன்னவர், போட்டாச்சு.

இந்த அலுவல் ஊரில கதையாப் போக ஒரு அம்மா என்னைத் தேடி வந்தா, மகன் 2009இல இல்லாமல் போனது, உந்தக் கிட்டால அவனைக் கண்டுபிடிக்கலாமோ எண்டு. இதை நேராச் சொல்லவேணும், கனபேர் கேக்காமல் மனதுக்க வச்சிருக்கினம். இந்தக் கொம்பனியள் உயிரோட இருந்து காசு கட்டி எச்சில் குடுத்தவையை மட்டும் தான் தங்களுக்குள்ள ஒப்பிடும். வெளிநாட்டுக்குப் போய்ச் சேந்த ஒரு பிள்ளையும் அதே இடத்தில குடுத்திருந்தா பொருந்தும், இல்லாட்டி இல்லை. 2023 ஆனியில கொக்குத்தொடுவாயில தண்ணிக் குழாய்க்குக் கிடங்கு வெட்டேக்க வந்த எலும்புகள் மாதிரியானதுக்கு வேற முறை, தடயவியல் ஆய்வுகூடத்தில எலும்பில, பல்லில இருந்து எடுத்து தாய், தகப்பன், பிள்ளையளின்ர சாம்பிளோட குறிப்பிட்ட சில இடங்களைப் பொருத்திப் பாக்கிறது. பழைய எலும்பில மைற்றோகொன்றியா தான் கூடத் தப்பியிருக்கும், அது தாய்வழி, அதால தாயின்ர சாம்பிளுக்குப் பெறுமதி கூட. கல்முனையில சுனாமிக்குப் பிறகு பேபி 81 எண்டு சொன்ன குழந்தையை 2005 மாசியில தாய் தகப்பனிட்டக் குடுத்தது டிஎன்ஏயை வச்சுத் தான், அங்க பிள்ளையும் இருந்தது தாய் தகப்பனும் இருந்தினம். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 மாசியில இருந்து, காணாமல் போன பிள்ளையளைக் கேட்டுப் போராடிக்கொண்டு இருக்கிற அம்மாக்களில செத்துப்போனவை எத்தினை பேர். அவையின்ர சாம்பிளை உயிரோட இருக்கேக்க எடுத்து, அந்த அம்மாக்கள் நம்புற ஒரு இடத்தில வைக்கோணும் எண்டு தான் நான் சொல்லுவன், கிட் விக்கிற கொம்பனியிட்ட இல்லை. அந்த அம்மாட்டயும் இதைத் தான் சொன்னனான், காசைக் கொண்டுபோய்க் குடுக்காதேங்கோ எண்டு.

தொடங்கப்போற ஆக்களுக்கு ஒண்டு. வீட்டில ஆகலும் வயசு கூடின ஆளை முதல் செய்யுங்கோ, அந்தப் பக்கத்தைத் தேட உங்களைச் செய்யிறதில பிரயோசனம் குறைவு, உங்களில அந்தப் பக்கத்தால இருக்கிறது அவையில இருந்து வந்த துண்டு தான். கிட் வரமுதல் கல்வெட்டு, பேப்பரில வந்த மரண அறிவித்தல், உறுதிக் கொப்பி எல்லாத்தையும் போனில படம் எடுங்கோ. ஆர் ஆருக்குத் துடக்கு (சாவுத் தீட்டு) காத்தவை எண்டு கிழடுகளிட்டக் கேட்டு எழுதுங்கோ, தகப்பன் வழிச் சொந்தம் அதில அப்பிடியே வந்திடும். ஆர் சொந்தத்துக்க முடிச்சவை எண்டதைக் கட்டாயம் கேளுங்கோ.

சின்ன அப்பப்பா, அதான் அப்பப்பான்ர தம்பி, எப்ப செத்தவர், எங்க செத்தவர் எண்டது இன்னும் தெரியாது. அது டிஎன்ஏயால வராது, நுவரெலியாப் பக்கம் பதிவாளர் கந்தோரில மரணப் பதிவைத் தேடவேணும், எந்த வருசம் எண்டு தெரியாமல் தேடுறது லேசான வேலை இல்லை. ஆவணியில லண்டன் மச்சாள் திரும்ப வாறாளாம், ரெண்டு பேருமாப் போறதெண்டு கதைச்சு வச்சிருக்கிறம். அந்தப் பக்கம் ஐம்பதுகளில எங்கட ஆக்கள் கடை வச்சிருந்த இடங்கள் ஆருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கோ.